ஆள் நடமாட்டமில்லாத பனிக்காட்டில் யாருடைய ஸ்னோமொபைலாவது (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) சிக்கி நின்றால் எப்படி உதவுவது? பாதையில் என்ன முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும்?

நின்று விசாரிக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் "பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்வார்" என்று கடந்து போவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. பின்னால் ஒருவருமே வராமலும் போகலாம். ஆனால் நிற்பதற்கும் முறை உண்டு. வளைவிலோ மேட்டின் உச்சியிலோ வண்டியை நிறுத்தினால் அடுத்து வருகிறவர் உங்கள் மேல்தான் வந்து மோதுவார். இரண்டு பக்கமும் தூரத்திலிருந்தே தெரியும் நேர்ப்பாதை வரை போய், ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். சிக்கியவர் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தால், குழுவில் ஒருவர் வளைவுக்கு முன்பே நின்று இடது கையை நேராக மேலே தூக்கிக் காட்ட வேண்டும். 'நிறுத்து' என்பதற்கான சைகை அதுதான். சைகைகள் எல்லாமே இடது கையில் இருப்பதற்குக் காரணம், வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் லீவர் வலது கட்டைவிரலில் இருப்பது. எதிரே வருகிறவர் இடது கையை மடக்கி முஷ்டி காட்டினால் அவர்தான் குழுவின் கடைசி ஆள். பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரல்களை விரித்துக் காட்டும் பழக்கமும் உண்டு. ஆனால் குறுகிய வளைவில் ஹேண்டில்பாரை விட்டுக் கை காட்டுவதைவிட இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரம் ஒதுங்குவதே நல்லது.

ஏற்றத்தில் வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். ஏறுகிற வண்டி வேகத்தை இழந்தால் அங்கேயே புதைந்துவிடும். பாதையைச் சமன் செய்யும் குரூமர் வந்தால் முழுதாக ஒதுங்கி நில்லுங்கள், ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு நகருங்கள். பனிச்சறுக்குவோர், நடப்போர் பக்கத்தில் நடைவேகம் போதும். நாய் இழுக்கும் வண்டி எதிரே வந்தால் ஒதுங்கி இன்ஜினையே அணைத்துவிடுங்கள்.

இனி சிக்கியவரிடம் வருவோம். வேகத்தைக் குறைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள். அவர் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டினாலோ ஹெல்மெட்டைத் தட்டினாலோ பிரச்சினை இல்லை. பதில் வராவிட்டால் நிறுத்துங்கள். முதல் கேள்வி வண்டியைப் பற்றி இருக்கக் கூடாது. யாருக்காவது அடிபட்டிருக்கிறதா, எல்லாரும் இங்கே இருக்கிறார்களா, எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள், செய்தி அனுப்பக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது கவனியுங்கள். வார்த்தை குழறுகிறதா, ஜிப்பை இழுக்க விரல்கள் தடுமாறுகின்றனவா, நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் திடீரென்று நின்றுவிட்டதா? இவையெல்லாம் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்பதன் அறிகுறிகள். அப்படியென்றால் வண்டியை மறந்துவிடுங்கள்: காற்றுக்கு மறைவு, ஈர உடுப்புக்கு மாற்று, உட்காரும் இடத்தில் பனிக்கும் உடம்புக்கும் நடுவே பையோ சீட்டோ, விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரை சேர்த்த சூடான பானம். மது கூடாது. உறைந்த விரல்களைத் தேய்க்கவும் கூடாது. −20 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது −33 போலத்தான் இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் உதவப் போகக் கூடாது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட சரிவில் ஒருவர் மேலே சிக்கியிருந்தால் இரண்டாவது வண்டியை மேலே ஓட்டாதீர்கள். கூடுதல் எடையும் அதிர்வும் சேர்ந்து சரிவைக் கிளப்பிவிட, இருவருமே புதைந்த விபத்துகள் உண்டு. அவர் தானாகவே வண்டியைத் திருப்பி இறங்கட்டும், மற்றவர்கள் சரிவு பாயும் பாதைக்கு வெளியே நின்று பார்க்கட்டும். பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் கட்டி வைத்தால் வண்டியோடு சேர்ந்து அவையும் போய்விடும்.

புதைந்த வண்டியை எடுப்பதில் எல்லாரும் செய்யும் தவறு, த்ராட்டிலை இன்னும் அழுத்துவது. வண்டிக்கு அடியில் சுழன்று அதை நகர்த்தும் பட்டையான டிராக் சுற்றச் சுற்றத் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும், இன்ஜின் விசையை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட்டும் சூடேறிக் கருகும். முதலில் இன்ஜினை அணைத்து, டெதரை (ஓட்டுநர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு) கழற்றுங்கள். தோண்டத் தொடங்கும் முன் மேல் உடுப்பு ஒன்றைக் கழற்றி வையுங்கள். வியர்வையில் நனைந்த உடுப்புதான் பிறகு குளிரில் ஆளைச் சாய்க்கும். வண்டியைத் தாங்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் டிராக்குக்குப் பின்னால் உள்ள பனி அல்ல, கால் வைக்கும் பலகைகளுக்கு அடியில் இறுகிய பனி. அதை இரண்டு பக்கமும் தோண்டி எடுத்தால் வண்டி மறுபடி டிராக்கில் உட்காரும். வண்டியின் முன்பக்கச் சறுக்குக் கட்டைகளான ஸ்கீகளுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டருக்குப் பனியை மிதித்துச் சாய்வுப் பாதை போடுங்கள். மிதித்த பனி பத்து நிமிடத்தில் நன்றாக இறுகிவிடும், அதுவரை பொறுங்கள். பிறகு இருவர் ஸ்கீ வளையங்களைப் பக்கவாட்டில் நின்று இழுக்க, ஓட்டுநர் தரையில் நின்றபடியே மெதுவாக த்ராட்டில் கொடுக்க வேண்டும். டிராக்குக்கு நேர் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. ஐஸ் கட்டிகளையும், பிடிப்புக்காக டிராக்கில் பதித்த ஆணிகளான ஸ்டட்களையும் அது வீசியடிக்கும். சரிவில் சிக்கியிருந்தால் இழுப்பதைவிட, முகப்பு கீழ்நோக்கி வரும்படி உருட்டித் திருப்புவது எளிது. எரிபொருளும் சுமையும் சேர்ந்து 250 கிலோவைத் தொடும் வண்டியை மேல்நோக்கித் தூக்கிப் பார்ப்பது முதுகுக்கு நல்லதல்ல. கவிழ்ந்த நிலையில் நெடுநேரம் விடவும் வேண்டாம்.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும். சாவியை எடுத்துவிட்டு, பக்கப் பலகையையும் கிளட்ச் காப்பையும் திறங்கள். எல்லாமே கொதிக்கும், கையுறை அவசியம். அறுந்த நூல்கள் கிளட்ச்சுக்குப் பின்னால் தண்டைச் சுற்றியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுங்கள். அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்டால் சீல் கிழியும், புதுப் பெல்ட்டும் வெகுதூரம் தாங்காது. வண்டியோடு வந்த கருவியால் பின் கிளட்ச்சின் தட்டுகளை விரித்து, பெல்ட்டை அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும்படி மாட்டுங்கள். முதல் 50 கி.மீ. நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள். உங்களிடம் உபரி பெல்ட் இருந்தாலும் பாக எண் பொருந்தினால்தான் கொடுத்துப் பயன்.

இன்ஜின் சூடேறி நின்றதென்றால் காரணம் பெரும்பாலும் ஐஸ் பாதைதான்: டிராக் வீசும் பனிதான் குளிர்விப்பானைக் குளிர்விக்கிறது. உதிரிப் பனியில் ஓட்டினால் சரியாகிவிடும். காலையில் டிராக் உறைந்து ஒட்டியிருந்தால் பின்பக்கத்தைத் தூக்கித் தட்டிப் பாருங்கள். பெட்ரோல் தரும்போது ஆயில் கலந்ததா, தனி ஆயில் தொட்டி உள்ள வண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி இழுப்பது கடைசி வழி. சிக்கிய வண்டியின் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். முடிந்தால் இரும்புத் தண்டு. கயிறு என்றால் பின் வண்டியில் ஓர் ஆள் உட்கார்ந்து பிரேக் பிடிக்க வேண்டும். கட்டும் இடம் ஸ்கீயின் கால்தண்டு. வளையத்தில் கட்டினால் பிய்ந்துவிடும். வேகம் மணிக்கு 15 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம்.

இருட்டப் போகிறது, வண்டி வராது என்று தெரிந்தால் ஆளை ஏற்றிக்கொண்டு வண்டியை விட்டுவிடுங்கள். சீட் ஒருவருக்கானது என்றால் ஒருவரை மட்டும் வண்டியருகே தனியாக விட்டுப் போகாதீர்கள். சாட்டிலைட் கருவியில் அனுப்பும் செய்தியில் இடத்தின் ஆயத்தொலைவு, எத்தனை பேர், அடிபட்டவர் நிலை, தங்கியிருக்கப் போகிறார்களா நகரப் போகிறார்களா என்பது இருக்க வேண்டும். தேடுபவர்களுக்கு வானிலிருந்து தெரிவது ஆளைவிட வண்டிதான். அதனால் தங்குகிறவர்கள் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கருவியை உடுப்புக்குள், உடம்பு சூட்டில் வைக்கச் சொல்லுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

கிளம்பும்போது பாதையில் தோண்டிய குழியைப் பனி தள்ளி நிரப்பி மிதித்துவிடுங்கள். இரவில் அது கல்லாக உறைந்து, விடியற்காலையில் வேகமாக வருகிறவரைத் தூக்கியடிக்கும். விட்டுப்போகும் வண்டியைப் பாதையிலிருந்து தள்ளி நிறுத்தி, வெளிர்நிறத் துணி எதையும் தேடாமல் கண்ணில் படும் சிவப்போ ஆரஞ்சோ ஹேண்டில்பாரில் கட்டிவிட்டுப் புறப்படுங்கள். அறுந்த பெல்ட்டின் துண்டுகளும் உங்கள் பையில்தான் போக வேண்டும்.