வரப்பு நகர்ந்ததைச் செயற்கைக்கோள் படம் காட்டுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி வெட்டி மூன்றடி உள்ளே வந்துவிட்டார். செயற்கைக்கோள் படம் வைத்து எல்லையை நிரூபித்துத் தருகிறேன், இருபதாயிரம் ஆகும் என்கிறார் ஒருவர். எந்த வகைப் படம் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைப்பதில் நல்லது ஐரோப்பாவின் சென்டினல்-2. அதில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட் நிலம் ஒரே நிறமாக விழும். அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் ஒரு புள்ளிக்குள் 22 சென்ட் அடங்கிவிடும். வரப்பே தெரியாத படத்தில் அது நகர்ந்தது எங்கே தெரியும்? விலைக்கு வரும் வேர்ல்டுவியூ-3 போன்ற படங்களில் ஓரடி வரை பிரித்துப் பார்க்கலாம், ஆனால் படம் மொத்தமாகவே சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், உங்கள் தகராறோ மூன்றடிக்கு. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள், உங்கள் ஊர் ரோடே இடம் மாறுவது போலிருக்கும்.

புரோக்கர்கள் செய்வது என்னவென்றால், இலவச அகச்சிவப்புப் படத்தை இறக்கி, வயலெல்லாம் சிவப்பாகத் தெரிய அச்சடித்து, லேமினேட் செய்து 'இன்ஃப்ராரெட் சர்வே' என்று நீட்டுவார்கள். அந்தச் சிவப்பு பயிரின் செழிப்பைக் காட்டுவது, அவ்வளவுதான். ரேடார் படம், சென்டினல்-1 ஆகட்டும் நம்முடைய இஓஎஸ்-04 ஆகட்டும், மேகத்தை ஊடுருவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த வயல் மூழ்கியது என்று பார்க்க அதுதான் வேண்டும், தேங்கிய தண்ணீர் கறுப்பாக விழும். வெப்பப் படம் உங்களுக்குத் தேவையே இல்லை. இவை எதிலும் எல்லைக்கோடு கிடையாது, படத்தின் மேல் தெரியும் மஞ்சள் கோடு புரோக்கர் கையால் இழுத்தது!

ஒரு விஷயத்துக்கு மட்டும் படம் உதவும்: ஒன்று எப்போது வந்தது என்பதற்கு. பக்கத்துக்காரர் உங்கள் நிலத்தில் கொட்டகையோ குட்டையோ போட்டுவிட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் என் அனுபவத்தில் இருக்கிறது என்று வாதாடினால், கூகுள் எர்த் புரோவில் தேதியோடு இருக்கும் பழைய படத்தில் அந்த இடம் காலியாக இருப்பது பெரிய பலம். கொட்டகை மாதிரி தெளிவாகத் தெரியும் பொருளாக இருக்க வேண்டும், வரப்புக்கு இது ஆகாது. வெறும் ஸ்க்ரீன்ஷாட்டும் போதாது. மின்னணு ஆவணங்களுக்கு வேண்டிய, புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும், அதை வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள்.

உங்கள் மூன்றடியைச் சொல்லக்கூடியது புலப்படமும் (சர்வே எண்ணின் எல்லை அளவுகள் குறித்த அரசு வரைபடம், எஃப்எம்பி) சர்வேயர் அளவையும்தான். புலப்படத்தை அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே எடுக்கலாம், அளந்து காட்டச் சொல்லித் தமிழ்நிலம் தளத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். சர்வேயர் வர மாதக்கணக்கில் ஆகும் ஊர்கள் இருக்கின்றன, கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு ஆளை இப்படி அலையவிட்டால் ஜனங்கள் புரோக்கரிடம் போகாமல் எங்கே போவார்கள்? அதற்காக விட்டுவிடாதீர்கள், ரசீதைப் பத்திரமாக வைத்து மறுபடி மறுபடி கேளுங்கள். பழைய எல்லைக்கல் எங்காவது புதைந்து கிடக்கிறதா என்று தேடி வையுங்கள். அளந்து கல் நடும்வரை, கோபத்தில் நீங்கள் பதிலுக்கு வரப்பை வெட்டிவிட வேண்டாம்.