எதிர்பாராமல் வந்த வரி நிலுவை: பாளையங்கோட்டையிலிருந்து சில பதில்கள்

பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிறருடைய வருமான வரிக் கணக்கைத் தயாரித்துக் கொடுப்பதே என் தொழில். வரி பாக்கி இருக்கிறது, முப்பது நாளில் கட்டுங்கள் என்ற அறிவிப்பைக் கண்டு கலங்கியவர்கள் எழுதிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலானவை 2024-25 நிதியாண்டைப் பற்றியவை என்பதால், பிரிவு எண்களை 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியே தந்திருக்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு.

கேள்வி (உதவிபெறும் பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்): ஐயா, ஜூலையிலேயே கணக்குத் தாக்கல் செய்துவிட்டேன். நவம்பரில் 35,580 ரூபாய் கட்டச் சொல்லி வருமான வரித் துறையின் பெங்களூர் மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு பைசாகூட மறைக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இப்போதே கட்டிவிட வேண்டாம், டீச்சர். அதற்காகப் படிக்காமல் மூடி வைத்துவிடவும் கூடாது. மின்னஞ்சலோடு வந்திருப்பது பிரிவு 143(1)இன்கீழ் வரும் அறிவிப்பு. அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், சிறிய எழுத்துகளில் உங்கள் பான் எண்ணும் அதைத் தொடர்ந்து இடைவெளியின்றி எட்டு இலக்கங்களில் உங்கள் பிறந்த தேதியும் ஆகும். உள்ளே நீண்ட அட்டவணை ஒன்றில் இரண்டு பத்திகள் இருக்கும்: இடப்பக்கம் நீங்கள் காட்டிய தொகை, வலப்பக்கம் துறை ஏற்றுக்கொண்ட தொகை. ஓர் அளவுகோலை வைத்து மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வாருங்கள். இரண்டு தொகைகளும் முதன்முதலாக எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் உங்கள் பிரச்சினை இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பிரதியில் அது பிரிவு 89 நிவாரணத்தில் இருக்கிறது. இடப்பக்கம் 31,480 என்றும் வலப்பக்கம் 0 என்றும் உள்ளது. முந்தைய ஆண்டுகளுக்கான ஊதிய நிலுவை ஒரே ஆண்டில் மொத்தமாகக் கைக்கு வரும்போது வரி கூடிவிடாமல் இருக்கத் தரப்படும் நிவாரணம் அது. அதைக் கோருவதற்குக் கணக்குத் தாக்கலுக்கு முன்பே படிவம் 10இ-ஐ இணையத்தில் தனியாகச் சமர்ப்பிக்க வேண்டும். தலைமையாசிரியர் தம் கணக்கில் நிவாரணத்தைக் கழித்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். படிவம் இல்லாததால் நிவாரணம் முழுவதும் மறுக்கப்பட்டு, அந்தத் தொகைக்கு நீங்கள் முன்கூட்டி வரி கட்டவில்லை என்ற கணக்கில் பிரிவு 234பி-யின்படி எட்டு மாத வட்டி 2,512, பிரிவு 234சி-யின்படி 1,586 ஆகியவை சேர்ந்திருக்கின்றன.

ஆகவே முதலில் அதே மதிப்பீட்டு ஆண்டுக்கு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு; உங்களுக்கு 2025-26) படிவம் 10இ-ஐச் சமர்ப்பித்துவிட்டு, பிறகு பிரிவு 154இன்கீழ்த் திருத்த விண்ணப்பம் போடுங்கள். நான் போட்ட விண்ணப்பங்களில் பல இவ்வாறே ஏற்கப்பட்டிருக்கின்றன. பலர் இத்தோடு நிறுத்திவிடுவதுதான் தவறாகப் போகிறது. வருமான வரித் தளத்தில் நிலுவைக் கோரிக்கைக்குப் பதில் தரும் பக்கத்தில், இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை, திருத்த விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்றும் பதிவு செய்தாக வேண்டும். அதைச் செய்யாவிட்டால், அடுத்த ஆண்டு உங்களுக்கு வரவேண்டிய ரீஃபண்டைப் பிரிவு 245இன்படி இந்தப் பாக்கியில் கழித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பதிவாகியுள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதாமா? கணக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் தங்கள் எண்ணையே பதிவு செய்துவிடுகிறார்கள். அறிவிப்பு அவர்களுக்குப் போகும், கெடு உங்களுக்கு முடியும்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், வண்ணார்பேட்டை): அண்ணாச்சி, 2024 அக்டோபரில் வேலை மாறினேன். முதல் நிறுவனத்தில் மாதம் 55,000, இரண்டாவதில் 90,000. இரண்டு படிவம் 16-லும் வரி பூஜ்யம். ஆனால் டிசம்பரில் 34,980 கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. இது எப்படிச் சரியாகும்?

பதில்: சரிதான், தம்பி. முதல் நிறுவனம் உங்கள் ஆண்டு ஊதியம் 6,60,000 என்று கணக்கிட்டு வரி பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனம் தான் கொடுத்த 5,40,000-ஐ மட்டும் பார்த்து வரி பிடிக்கவில்லை. ஊதியத்தில் பொதுவாகக் கழிக்கப்படும் 75,000 நிலைக்கழிவையும், 7 லட்சம் வரையிலான வருமானத்துக்குரிய வரித் தள்ளுபடியையும் இருவருமே உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டமோ இரண்டையும் ஒருமுறைதான் தருகிறது. நீங்கள் உண்மையில் வாங்கியது 8,70,000. நிலைக்கழிவு போக 7,95,000. புதிய வரி விகித முறையில் அதற்கு வரி 29,500, செஸ் (வரியின்மேல் கூடுதல் வரி) 1,180, ஆக 30,680. மீதி 4,300 சொச்சம் வட்டி. தாக்கல் செய்தபோதே இந்தத் தொகை திரையில் தெரிந்திருக்கும். பின்னர் கட்டுகிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்திருக்கிறீர்கள்.

கட்டுங்கள். ஆனால் சரியான தலைப்பில் கட்டுங்கள். அறிவிப்பு வந்த பிறகு கட்டும் தொகை 400 என்ற குறியீட்டில், அந்தக் கோரிக்கை எண்ணின் மீதே போய்ச் சேர வேண்டும். பழக்க தோஷத்தில் 300 என்ற சுயமதிப்பீட்டுத் தலைப்பில் கட்டிவிட்டால், பணமும் போய்விடும், பாக்கியும் அப்படியே நிற்கும். இனி எப்போது வேலை மாறினாலும், முந்தைய ஊதிய விவரத்தை (1961 சட்டப்படி படிவம் 12பி) எழுதிப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): வரி பாக்கி, உடனே இந்த இணைப்பில் கட்டவும் என்று குறுஞ்செய்தி வந்தது.

பதில்: தொடாதீர்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் உண்டு. வருமான வரித் தளத்துக்கு நீங்களே சென்று அந்த எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். எண் இல்லாத கடிதம் துறையின் கடிதமல்ல.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், கங்கைகொண்டான்): மாதாமாதம் என் சம்பளத்தில் வரி பிடித்தார்கள். ஆனால் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஒன்றுமே இல்லை. இப்போது முழு வரியையும் நான் கட்ட வேண்டுமாம்.

பதில்: கட்ட வேண்டியதில்லை. உங்கள் ஊதியத்தில் பிடித்த வரியை முதலாளி அரசுக்குச் செலுத்தாவிட்டால், அந்த அளவுக்கு உங்களிடம் வரி கேட்கக் கூடாது என்பதே பிரிவு 205. நேரடி வரிகள் வாரியம் 2015-இல் இதை அதிகாரிகளுக்கு வலியுறுத்தி, 2016-இல் மறுபடியும் நினைவூட்டியது. ஆயினும் கணினி இதை அறியாது. வரி செலுத்தப்பட்டதாகத் தகவல் வரவில்லையென்றால் அது கோரிக்கையை எழுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டுகளையும், கைக்கு வந்த தொகை தெரியும் வங்கிக் கணக்கு நகலையும் திரட்டி, கோரிக்கையை மறுத்துப் பதிவு செய்துவிட்டு, உங்கள் எல்லைக்குரிய அதிகாரியிடம் எழுத்துமூலம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். உழைத்துச் சம்பாதித்த பணத்தில் ஒருமுறை கொடுத்த வரியை நீங்கள் இரண்டாம் முறையும் கொடுப்பது அநியாயம். அதை எதிர்த்து நிற்பதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ராதாபுரம் வட்டாரம்): என் புஞ்சையில் காற்றாலை நிற்கிறது. ஆண்டு வாடகை 3,60,000. அதை விவசாய வருமானம் என்று காட்டி, கம்பெனி பிடித்த 36,000-ஐத் திருப்பிக் கேட்டேன். அதைக் கொடுக்காததோடு 8,840 கட்டச் சொல்கிறார்கள். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது அல்லவா?

பதில்: விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் காற்றாலை வாடகை விவசாய வருமானம் அன்று. நிலத்திலிருந்து வரும் வாடகை விவசாய வருமானமாக வேண்டுமென்றால், அந்த நிலம் விவசாயத்துக்குப் பயன்பட வேண்டும் என்று பிரிவு 2(1ஏ) சொல்கிறது.

மீண்டும் அவரே: நிலம் புஞ்சை என்றுதான் பட்டாவில் இருக்கிறது. அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) முருங்கை ஏறியிருக்கிறது. காற்றாலை அடித்தளமும் பாதையும் போக மீதியில் இன்றும் முருங்கை நிற்கிறது. விவசாய நிலம் எப்படி விவசாய நிலமாக இல்லாமல் போகும்?

பதில்: முருங்கைக்காய் விற்ற பணம் விவசாய வருமானம்தான், அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. அடங்கல் அதற்குத்தான் சாட்சி. கம்பெனி உங்களுக்குப் பணம் தருவது முருங்கைக்காக அல்லவே, தன் கோபுரம் நிற்பதற்காகத்தானே? உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படை வேலைகள் நிலத்தின்மீது நடந்து, அவற்றின் பயனாகக் கிடைப்பதே விவசாய வருமானம் என்று ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-இலேயே தெளிவாக்கிவிட்டது. நிலத்தின் பெயர் என்ன என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அதில் என்ன நடந்து பணம் வந்தது என்பதையே பார்க்கிறது.

இடையில் மற்றொருவர் (வடக்கன்குளம்): அவர் சொல்வதுதான் நியாயம். குத்தகை எழுதும்போது கம்பெனிக்காரர்களே வரி வராது என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் கட்டவில்லை.

பதில்: அப்படிச் சொன்ன கம்பெனி உங்களுக்குத் தந்த வரிப் பிடித்தச் சான்றிதழான படிவம் 16ஏ-வை எடுத்துப் பாருங்கள். பிரிவு 194-I என்று அச்சிட்டிருக்கும். அது வாடகைக்கான வரிப் பிடித்தம். வரி வராத பணம் என்றால் நூற்றுக்குப் பத்து ஏன் பிடித்தார்கள்? ஊரில் ஒருவரும் கட்டவில்லை என்பதும் விடையாகாது. வாடகை விவரம் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. காவல்கிணறு முதல் பணகுடி வரை இந்தப் பேச்சை நம்பி எத்தனையோ குடும்பங்கள் ஏழெட்டு ஆண்டுப் பாக்கியைச் சேர்த்து வைத்திருக்கின்றன என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ராதாபுரம் வட்டாரத்தார்: சரி, விவசாயம் இல்லையென்றே இருக்கட்டும். அப்படியானால் என் கணக்கு என்ன ஆகும்?

பதில்: உங்கள் ஓய்வூதியம் நிலைக்கழிவு போக 6,50,000 என்று எழுதியிருந்தீர்கள். வாடகையைச் சேர்த்தால் 10,10,000. 7 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி இல்லை. வெற்று நில வாடகை என்பதால் வீட்டு வாடகைக்குரிய 30 விழுக்காட்டுக் கழிவும் இல்லை. வரி 51,500, செஸ் 2,060, மொத்தம் 53,560. பிடித்த 36,000 போக நீங்கள் தரவேண்டியது 17,560. அறுபது வயது கடந்து, வியாபார வருமானமும் இல்லாதவர் முன்கூட்டி வரி கட்டத் தேவையில்லை என்பதால் 234பி, 234சி வட்டிகள் உங்களுக்கு வரா.

கேட்டிருக்கும் 8,840-ஐ மட்டும் கட்டிவிட்டு இருந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது வாடகையை விவசாயமாகவே வைத்து, பிடித்த வரியை மட்டும் மறுத்துப் போட்ட கணக்கு. வாடகையின் தகவல் துறையிடம் இருக்கும்வரை கேள்வி மறுபடியும் வரும். திருத்திய கணக்குக்கான கெடு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டதால், பிரிவு 139(8ஏ)-இன்படி புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்வதே வழி. 2027 மார்ச் 31-க்குள் செய்தால் கூடுதல் வரி 25 விழுக்காடு, அதாவது 4,390. அதன் பிறகு 50, 60, 70 என்று ஏறும். நிலம் உடன்பிறந்தவர்களோடு கூட்டாக இருந்து, வாடகையும் பங்கு பிரிகிறது என்றால் அவரவர் பங்கை அவரவர் காட்ட வேண்டும். அப்போது மேலே போட்ட கணக்கும் மாறும். குத்தகைப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி (அல்வாக் கடை, திருநெல்வேலி சந்திப்பு): நான் பிரிவு 44ஏடி-யில் உத்தேச லாபம் காட்டுகிறவன். முன்கூட்டி வரியின் நான்கு தவணைக்கும் வட்டி போடுவார்களா?

பதில்: இல்லை. உங்களுக்கு மார்ச் 15 என்ற ஒரே தவணைதான். ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது என் துறையன்று, அதைப் பார்க்கும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): குறுஞ்செய்தியில் இணைப்பு வந்தது, கட்டலாமா?

பதில்: மேலப்பாளையத்துக்காரருக்குச் சொன்னதேதான்.

கேள்வி (சேரன்மகாதேவி): 2011-12 மதிப்பீட்டு ஆண்டுக்கு 7,300 பாக்கி என்று வெகுநாளாக இருந்தது. இப்போது காணவில்லை.

பதில்: 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 2009-10 நிதியாண்டு வரையிலான 25,000-க்கு உட்பட்ட பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000-க்கு உட்பட்ட பாக்கிகளையும் விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். உங்களுடையது 2010-11 நிதியாண்டுக்கானது, அதில் போயிருக்கிறது.

கேள்வி (களக்காடு): அறிவிப்பே எனக்கு வரவில்லை, ரீஃபண்டை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

பதில்: பதிவாகியுள்ள மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். பிரிவு 245 அறிவிப்புக்குப் பதில் சொல்ல 21 நாள் தருகிறார்கள். அந்த 21 நாளும் வேறொருவருடைய அஞ்சல் பெட்டியில் கழிந்திருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றி, உங்கள் எண்ணை ஏற்றுங்கள். எந்தக் கோரிக்கைக்காகப் பிடித்தார்கள் என்பது தளத்திலேயே இருக்கும். அது தவறான கோரிக்கையாக இருந்தால் திருத்த விண்ணப்பத்துக்கு இன்னும் வழி உண்டு. உத்தரவு பிறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டுகள் அவகாசம்.

கேள்வி (நாங்குநேரி): பாக்கி சரியானதுதான், ஒப்புக்கொள்கிறேன். 62,000 ரூபாயை ஒரே தடவையில் புரட்ட முடியவில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டட்டுமா?

பதில்: வேண்டாம். முப்பது நாள் முடிவதற்குள் உங்கள் எல்லைக்குரிய அதிகாரிக்குப் பிரிவு 220(3)-இன்கீழ்த் தவணை கேட்டு விண்ணப்பியுங்கள். கெடு முடிவதற்குள் போட்டாக வேண்டும் என்பதே அந்தப் பிரிவு. மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட முடியும் என்பதை நீங்களே எழுதி, முதல் தவணையைக் கட்டிய ரசீதையும் இணையுங்கள். தவணை கிடைத்தாலும் பிரிவு 220(2)-இன்படி மாதம் ஒரு விழுக்காடு வட்டி ஓடும். வெளியில் நீங்கள் வாங்கும் கடனுக்கு பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். கட்டும் ஒவ்வொரு தவணையும் 400-ஆம் குறியீட்டில்தான் போக வேண்டும்.