அரசுத் தரப்பு சாட்சி முடிந்துவிட்டது, நாங்களும் சாட்சி போட்டாக வேண்டுமா?

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். விசைப்படகில் கூலிக்குப் போகும் அவருடைய தம்பி மேல் வழிப்பறி வழக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் வந்தவரை ராத்திரியில் மறித்து செயினைப் பறித்ததாகச் சொல்கிறார்கள். அரசுத் தரப்பு சாட்சிகளை விசாரித்து முடித்துவிட்டார்கள். "நாம சாட்சி போடலன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், கடலுக்கு அவன்கூட வந்ததா சொல்ல ரெண்டு பேரை ரெடி பண்றேன், கொஞ்சம் செலவாகும்" என்று கோர்ட் வாசலில் ஒரு ஆள் சொல்கிறாராம்.

போட வேண்டிய கட்டாயம் இல்லை. குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. உங்கள் தம்பி வாய் திறக்காததை வைத்து அவர்கள் வழக்கில் உள்ள ஓட்டையை அடைக்க முடியாது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20(3)-வது பிரிவிலேயே இருக்கிறது. அவரே விரும்பி எழுதிக் கேட்டால்தான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லலாம், ஏறாததை யாரும் குறையாகப் பேசக்கூட முடியாது.

இப்போது அந்த வாசல் ஆளுக்கு வருகிறேன். வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை, ஆனால் எல்லா வாய்தாவிலும் டீக்கடை ஓரம் நிற்பார், உங்களை மாதிரிப் பதறிப்போய் வருகிறவர்கள்தான் அவருக்கு வருமானம். அவர் கொண்டுவரும் ஆள் "அன்னிக்கு என்கூட போட்ல இருந்தான்" என்பார். அரசு வக்கீல் சம்பவத் தேதியைப் பார்ப்பார், அது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையுள்ள தடைக்காலமாக இருக்கும். விசைப்படகே கரையில் கட்டிக் கிடந்த நாளில் எந்தக் கடலுக்குப் போனீர்கள்? தடைக்காலம் இல்லையென்றாலும் படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் அனுமதிச் சீட்டை, அதாவது டோக்கனைக் கேட்பார்கள். வேறு இடத்தில் இருந்தேன் என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். அது பொய் என்று ஆகிவிட்டால், அதுவரை ஆடிக்கொண்டிருந்த அரசுத் தரப்பு வழக்குக்கு நீங்களே முட்டுக் கொடுத்ததாகிவிடும். பொய்ச் சாட்சி சொன்னவருக்கு ஏழு வருஷம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது, வாசல் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. உண்மையிலேயே அன்று கடலில் இருந்தார், டோக்கன் இருக்கிறது, படகு உரிமையாளர் வந்து சொல்வார் என்றால் அது வேறு கதை, தாராளமாகப் போடுங்கள்.

செயினைப் போலீஸ் எங்கிருந்து கைப்பற்றினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். திருட்டு நடந்த கொஞ்ச நாளுக்குள் பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை என்றால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று கோர்ட் அனுமானிக்கலாம். சும்மா இருப்பது ஆபத்து என்பது இங்கேதான். தம்பியின் சட்டைப்பையிலிருந்தோ, அவர் பெயரில் அடகு வைத்த கடையிலிருந்தோ எடுத்திருந்தால் விளக்கம் சொல்லியே ஆகவேண்டும். அந்த விளக்கத்தை அணுவணுவாக நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பும்படி இருந்தால் போதும், ரசீது கிசீது இருந்தால் தாக்கல் செய்யுங்கள். யார் வேண்டுமானாலும் நடந்து போகிற சீமைக்கருவேலங்காட்டில் கிடந்தது என்று மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் பத்திரம்) எழுதியிருந்தால் கதை வேறு. உங்கள் தம்பி காட்டித்தான் எடுத்தோம் என்று போலீஸ் சொல்வார்கள், அதற்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு, ஆனால் அது அவர் கையில் இருந்ததாக ஆகாது. மகஜரில் கையெழுத்துப் போட்டவர் அந்தக் காட்டையே பார்த்திராத ஆளாக இருப்பதும் உண்டு.

எதிர்த்தரப்பு என்றால் சாட்சிப் பட்டியல் என்றே பலர் நினைக்கிறார்கள். நிஜமான சண்டை குறுக்கு விசாரணையில், அதாவது அரசுத் தரப்பு சாட்சியை நம் வக்கீல் கேள்வி கேட்பதில். இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது, பலரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடத்தினார்களா, செயின் பறிகொடுத்தவருடையதுதான் என்று சொல்ல அதில் என்ன அடையாளம் என்பதெல்லாம் அங்கே கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்ட சாட்சியம் அப்படியே நின்றுவிடும். அதனால் சாட்சிகளின் வாக்குமூல நகலை வாங்கிப் பாருங்கள். முக்கியமான சாட்சிக்குக் கீழே 'குறுக்கு விசாரணை இல்லை' என்று இருந்தால் அவரைத் திரும்ப அழைக்க உடனே மனு போடச் சொல்லுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 348-வது பிரிவு.

அடுத்து வருவது 313 கேள்வி, அதாவது சாட்சியத்தில் வந்ததைச் சொல்லி உங்கள் தம்பியிடமே விளக்கம் கேட்பது; பழைய சட்டத்தில் 313-வது பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து அது 351, நாங்கள் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறோம். சத்தியம் வாங்காமல் நீதிபதி நேரடியாகக் கேட்பார். பெரும்பாலும் ஒரு பத்தியையே ஒரு கேள்வியாக வாசிப்பார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் 'பொய்' என்பார், அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். வருஷக்கணக்காக வாய்தா போட்டவர்களுக்கு இந்த இடத்தில் மட்டும் அப்படி என்ன அவசரமோ! உங்கள் தம்பி அவசரப்பட வேண்டாம். செயின் விளக்கம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், வாயால் சொல்லத் தயங்கினால் எழுத்தில் கொடுக்கவும் வழி இருக்கிறது. அப்புறம்தான் "உங்கள் தரப்பில் சாட்சி உண்டா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

வக்கீலுக்குக் கொடுக்க முடியவில்லை என்றால் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். தம்பி ஜெயிலில் இருந்தால் வருமானச் சான்றுகூட வேண்டாம். மகஜர் நகலையும் வாக்குமூல நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.