பெயர் மாறியது, பாஸ்போர்ட் மாறவில்லை: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டவரை மணந்த வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பயண ஆவணங்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மனைவி அமெரிக்கர். பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. என் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள விரும்புகிறார். ஆறு வாரத்தில் இருவரும் வெளிநாடு போகிறோம். டிக்கெட்டைப் புதுப் பெயரில் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். விமானம் ஏறும் நாளில் கையில் இருக்கப்போகும் பாஸ்போர்ட்டில் என்ன பெயரோ அந்தப் பெயரில் எடுங்கள். திருமணம் ஆகிவிட்டது என்பதற்காகப் பழைய பாஸ்போர்ட் செல்லாமல் போய்விடாது.

பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். வரிக்கு 44 இடங்கள். மேல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் 5 இடங்கள் போய்விடும். மீதி 39 இடங்களுக்குள் முழுப் பெயரும் அடங்க வேண்டும். முதலில் சர்நேம், பிறகு இரண்டு கூர்முனைக் குறிகள் (<<), அதன் பின் கிவன் நேம். எல்லையில் இயந்திரம் படிப்பது இந்த வரிகளைத்தான். விமான நிறுவனம் முன்கூட்டி அனுப்பும் பயணிகள் விவரமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். இரட்டைச் சர்நேமின் நடுவில் வரும் சிறுகோடு இங்கே ஒரு கூர்முனைக் குறியாக மாறிவிடும். ஆகவே டிக்கெட்டில் சிறுகோடு விட்டுப்போனதற்காகப் பதற வேண்டியதில்லை. சர்நேமே வேறாக இருந்தால்தான் கவுன்டரில் நிறுத்துவார்கள்.

பெயரை மாற்றும்போது தேதிகளைக் கவனியுங்கள். அமெரிக்க பாஸ்போர்ட் வழங்கி இன்னும் ஓராண்டு ஆகாமல், பெயரும் அந்த ஓராண்டுக்குள் மாறியிருந்தால் டிஎஸ்-5504 படிவம் போதும். அவசரச் சேவை கேட்டால் ஒழிய கட்டணம் கிடையாது. ஓராண்டு தாண்டிவிட்டால், வழக்கமாகப் புதுப்பிக்கத் தகுதி உள்ளவர்களுக்கு டிஎஸ்-82, கட்டணத்தோடு. இரண்டுக்குமே பழைய பாஸ்போர்ட்டையும், திருமணச் சான்றிதழின் அசலையோ சான்றிட்ட நகலையோ சேர்த்து அனுப்ப வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் எடுபடாது. அனுப்பிய பிறகு புதியது வரும்வரை கையில் பயண ஆவணம் எதுவும் இருக்காது. ஆறு வாரத்தில் பயணம் என்றால், பழைய பெயரிலேயே போய்வந்து பிறகு மாற்றுவதுதான் உசிதம்.

கேள்வி: மனைவி பிரிட்டிஷ் குடிமகள். என் இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கின்றன. மனைவி எந்தப் பெயரை எடுத்துக்கொள்வது?

பதில்: மனைவியின் பாஸ்போர்ட்டைத் தொடுவதற்கு முன் உங்களுடையதைச் சரிசெய்யுங்கள். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அவதிப்படுகிறவர்கள்தான் அதிகம்.

மனைவியின் நாட்டு பாஸ்போர்ட் அலுவலகம் திருமணச் சான்றிதழை எடுத்து, அதில் கணவரின் சர்நேம் என்ன என்று பார்க்கும். நம் வழக்கத்தில் சர்நேம் என்று ஒன்று இல்லை, இனிஷியல்தான். சான்றிதழில் இனிஷியலும் பெயரும் மட்டும் இருந்தால், அதிகாரி கடைசிச் சொல்லை, அதாவது உங்கள் சொந்தப் பெயரை, குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார். உங்கள் அப்பா பெயரைத்தான் மனைவி விரும்பினார் என்றால் அந்தச் சான்றிதழ் உதவாது. இனிஷியலை விரித்து எழுதிய பெயர் அதில் இல்லையே. பிரிட்டனில் அப்போது டீட் போல் எனப்படும் பெயர்மாற்றப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே வரிசை இதுதான். எந்தச் சொல் குடும்பப் பெயராக இருக்கப்போகிறது என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதுதான் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, சர்நேம், கிவன் நேம் இரண்டு கட்டங்களிலும் பெயர் வரும்படி பிரித்து வாங்குங்கள். திருமணப் பதிவு இன்னும் நடக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியல் இல்லாமல், பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு மனைவி விண்ணப்பிக்கட்டும்.

காலிக் கட்டம் வேறு வகையிலும் தொல்லை தரும். அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் சர்நேம் கட்டத்துக்குப் போய், கிவன் நேமில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும்; முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா, விசிட் பயணங்களில் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கேள்வி: ஜப்பானிய மனைவியின் பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அந்தப் பெயரில் டிக்கெட் எடுத்தால் போதும்தானே?

பதில்: போதாது. அடைப்புக்குறிக்குள் இருப்பது கண்ணால் பார்க்க மட்டும். அடியில் உள்ள இயந்திர வரிகளிலும் சிப்பிலும் அந்தப் பெயர் ஏறாது. குடும்பப் பதிவேட்டில் உள்ள பெயர்தான் இருக்கும். டிக்கெட், விசா விண்ணப்பம் எல்லாமே அந்தப் பதிவேட்டுப் பெயரில் இருக்கட்டும். பதிவேட்டிலேயே உங்கள் பெயருக்கு மாற விரும்பினால், திருமணமான 6 மாதத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு என்றால் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

பிரெஞ்சு, டச்சு பாஸ்போர்ட்டுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பிரான்சில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரே சட்டப் பெயர் என்ற விதி 1794-இலிருந்து இருக்கிறது. துணைவரின் பெயர் வெறும் புழக்கப் பெயர். சில இடங்களில் திருமணத்தை வைத்துப் பழைய சர்நேமை விட்டுவிட்டுத் துணைவர் பெயருக்கு மாற வழியே இல்லை: கனடாவின் கியூபெக் மாநிலம் 1981-இலும், கிரீஸ் 1983-இலும் அதை நிறுத்திவிட்டன. அங்கிருந்து வந்த மருமகளிடம் ‘ஏன் இன்னும் பெயர் மாற்றவில்லை’ என்று உறவினர்கள் துளைத்தால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் ஜெர்மானியர். திருமணத்தின்போது என் குடும்பப் பெயரை அவர் எடுத்துக்கொண்டு, புது பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார். பழைய பாஸ்போர்ட்டில், விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் எடுத்த எஸ்டா அனுமதிக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. செல்லுமா?

பதில்: செல்லாது. எஸ்டா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. பெயரோ பாஸ்போர்ட்டோ மாறினால் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். மீதிக் காலத்தைப் புதியதற்கு மாற்ற முடியாது. இதே போன்ற பிரிட்டனின் இடிஏ அனுமதியும் பாஸ்போர்ட் மாறினால் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். புதிய விண்ணப்பத்தில் ‘வேறு பெயர்கள் உண்டா’ என்ற இடத்தில் பழைய பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். இன்னொன்று: ஜெர்மன் பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில ‘ஓ’ எழுத்து வராது. வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான். அதை எழுத்தாக அடித்துவிட்டு விமான நிலையத்தில் அனுமதி காட்டவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசா உள்ளவர்களின் நிலை வேறு. பழைய பாஸ்போர்ட் ரத்தானாலும் விசா சேதமாகாமல் இருந்தால், காலாவதியாகும்வரை இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். ஆனால் பெயர் மாறியிருந்தால் புது விசா எடுப்பதையே அமெரிக்க வெளியுறவுத் துறை பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் இ-விசா வைத்திருப்பவர்கள் புது பாஸ்போர்ட் விவரத்தையும் பெயரையும் தங்கள் கணக்கில் பயணத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

கேள்வி: திருமணத்துக்கு முன்பே புதுப் பெயரில் பாஸ்போர்ட் வாங்க முடியுமா?

பதில்: பிரிட்டிஷ் குடிமக்களுக்கு முடியும்: திருமண நாளுக்கு 3 மாதம் முன்பிருந்தே. மணம் நடத்திவைப்பவர் பிடி2 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஆனால் பழைய பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். புதியது மணநாளிலிருந்துதான் செல்லும். இடைப்பட்ட நாட்களில் எங்கும் போக முடியாது. திருமணமே வெளிநாட்டில் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். மணநாள் வராத பாஸ்போர்ட்டில் சில நாடுகள் விசா ஒட்டுவதும் இல்லை.

கேள்வி: என் வெளிநாட்டு மனைவிக்கு ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை இருக்கிறது. இப்போது பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றிவிட்டார். இணையத்தில் புது பாஸ்போர்ட்டைப் பதிவேற்றினால் போதுமா?

பதில்: பெயர் மாறாமல் பாஸ்போர்ட் மட்டும் மாறியிருந்தால் போதும். துணைவர் என்ற முறையில் ஓசிஐ பெற்றவர்கள், ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் அதன் நகலையும் புதிய புகைப்படத்தையும், திருமண உறவு தொடர்கிறது என்ற உறுதிமொழியையும் 3 மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும். பெயரே மாறிவிட்டால் அட்டையை மறுவெளியீடு செய்துகொள்ள வேண்டும். பழைய, புதிய பாஸ்போர்ட்டுகள், தற்போதைய அட்டை, பெயர் மாறியதற்கான ஆதாரம், திருமணச் சான்றிதழ், உங்கள் பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். புது அட்டை வரும்வரை பயணம் செய்ய நேர்ந்தால் இரண்டு பாஸ்போர்ட்டுகளும் திருமணச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

இன்னும் ஓசிஐ எடுக்காதவர்கள் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது. திருமணம் பதிவாகி 2 ஆண்டு உறவு தொடர்ந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும் என்பதால், அதற்கு அவகாசம் தாராளமாக இருக்கிறது.

வெளிநாட்டில் வாங்கிய திருமணச் சான்றிதழ் என்றால் அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள். 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தப்படி வழங்கப்படுவது அது. அந்த ஒப்பந்தம் இந்தியாவில் 2005-இலும் கனடாவில் 2024-இலும் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதற்கு மட்டுமே அப்போஸ்டில் சாட்சி. சான்றிதழில் மனைவியின் பழைய பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் அப்போஸ்டில் காப்பாற்றாது. சான்றிதழை வழங்கிய அலுவலகத்தில் முதலில் திருத்தி வாங்குங்கள். பிறகு முத்திரைக்குக் கொடுங்கள்.