ஆறுமணிக்குருவியும் விளக்குமாறும்

வணக்கம் சார்,

நானும் என் 11 வயது மகளும், குளிர்காலத்தில் இங்கே வந்துபோகும் ஆறுமணிக்குருவியை (Indian Pitta) தேடி நான்கு முறை கிண்டிப் பூங்காவுக்கும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் போய்விட்டோம். கண்ணிலேயே படவில்லை. ஸ்பீக்கரில் அதன் குரலைப் போட்டும் பார்த்தோம். எங்கே போனால் கட்டாயம் கிடைக்கும்? 600 எம்.எம். லென்ஸ் உதவுமா? எங்கள் குடியிருப்பிலும் பத்துப் பன்னிரண்டு மாமரங்கள் உண்டு. தினமும் பெருக்கி, சருகை எரித்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். காக்கையும் மைனாவும்தான் வருகின்றன.

நித்யா, சென்னை

அன்புள்ள நித்யா,

லென்ஸை விடுங்கள். கட்டாயம் கிடைக்கும் இடம் என்று ஒன்று இருந்தால் அங்கே குருவியைவிட கேமரா அதிகமாக இருக்கும். ஸ்பீக்கரை இனித் தொடவே தொடாதீர்கள். தன் இடத்தில் வேறொரு குருவி புகுந்துவிட்டதென்று நம்பி, இரை தேடும் நேரத்தில் அது சண்டைக்கு அலையும். வட இந்தியாவிலிருந்து பறந்து வந்து இளைத்துப்போன உயிர் அது.

பதில் எழுதவைத்தது உங்கள் கடைசி வரிகள். சருகு அசுத்தம் என்று யார் சொன்னார்கள்? இந்தக் குருவி தூங்கவும் கூவவும்தான் மரமேறும், இரையெல்லாம் தரையில். அலகால் ஓர் இலையைப் புரட்டி எறியும், அடியில் இருக்கிற மண்புழுவையோ வண்டையோ கரையானையோ கொத்தும். நாலு விரல் கனத்துக்குச் சருகு கிடந்தால் அடிமண் காயாது. பெருக்கிவிட்டால் மண் இறுகும், புழு ஆழத்துக்கு இறங்கிவிடும், அலகு எட்டாது. எரித்தால் பூச்சியோடு அதன் முட்டையும் போச்சு. செப்டம்பர், அக்டோபரில் வந்து இறங்குகிற குருவிக்கு உங்கள் மாந்தோப்பு துடைத்துவைத்த வெறும் தட்டு. வீடு, கல்லூரி, நந்தவனம் என்று எங்கும் இதே வெறி. குப்பை வண்டிக்குக் காசு கொடுத்து மண்ணின் சோற்றை அள்ளிப் போடச் சொல்கிறோம், பிறகு குருவியைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடுகிறோம்!

மகளிடம் சொல்லுங்கள், வேலை அவளுக்குத்தான். மதில் ஓரமாக, புதரும் நிழலும் உள்ள பத்தடிக்குப் பத்தடி மூலை ஒன்று போதும். அங்கே விளக்குமாறு நுழையக்கூடாது, கரையான் மருந்தும் கூடாது. மாலையில் ஒரு வாளித் தண்ணீர் தெளிக்கலாம். பூனை நடமாட்டம் இருந்தால் வேறு மூலை பாருங்கள்.

பார்க்கும் முறை இதுதான். விடியுமுன், ஐந்தே முக்காலுக்கெல்லாம் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட வேண்டும். பெயரே ஆறுமணி. நீங்கள் போன இடங்களில் கதவு திறக்கும்போது கச்சேரி முடிந்திருக்கும். இரண்டு சுரத்தில் ஒரு கூர்மையான விசில், சில நிமிடம் விட்டுவிட்டுக் கேட்கும். உடனே எழுந்து ஓடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் கெடுப்பது. திசையை மட்டும் குறித்துக்கொண்டு, பைனாகுலரை ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு முன்பே ஃபோகஸ் செய்து வைத்திருங்கள். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ் கொண்டது) போதும். விசில் நின்றதும் அது தரைக்கு இறங்கும். இனிக் காதுதான் வேலை செய்யும். தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து கூச்சலோடு சருகைக் கிளறும். ஓணான் சரசரவென்று ஒரே ஓட்டமாக ஓடும். இதுவோ ஒரு ‘சரக்’, பிறகு அமைதி. இரண்டு தத்து, நின்று குட்டை வாலை மெல்ல ஆட்டும், மறுபடி ‘சரக்’. கணுக்கால் உயரத்தில் பாருங்கள். பச்சை முதுகு நிழலோடு கலந்துவிடும். வெள்ளைத் தொண்டையும் கண்ணை மூடிய கறுப்புப் பட்டையும் முதலில் தெரியும், திரும்பினால் வாலடியில் குங்குமச் சிவப்பு.

ஏப்ரல், மே வரை இங்கே இருக்கும். அதற்குள் செயலாளரிடம் பேசி அந்த மூலையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பெருக்க வருகிற அம்மாவிடமும் காரணத்தைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாவம், பழக்கத்தில் அள்ளிவிடுவார்.