வீட்டுப் பட்டறை: கேளுங்கள், சொல்கிறேன்

(31 வருடம் கொதிகலன் ஆலையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தச்சர் மகன். இப்போது திருச்சியில், வீட்டுக் கொல்லையில் மரமும் இரும்புமாக இருக்கிறார். வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.)

வீட்டில் பழகலாம் என்று 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன். ராடு (வெல்டிங் குச்சி) இரும்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒட்டாத நேரத்தில் விழும் வெல்டு புறா எச்சம் மாதிரி இருக்கிறது. மெஷினை மாற்றிவிடலாமா?
– ஓசூர் வாசகர்

மெஷின் பாவம், அதை விட்டுவிடுங்கள். எர்த் கிளாம்ப், அதாவது மெஷினின் இன்னொரு வயர் நுனியில் இருக்கும் கவ்வி, இரும்பைக் கடிக்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினீர்களா? இதே புகாரோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள். பெயின்ட்டும் துருவும் கரண்ட்டை விடாது. வெல்டு போடும் இடத்தையும் கிளாம்ப் போடும் இடத்தையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, அப்புறம் பேசுங்கள்.

அடுத்தது ராடு. 6013 என்று போட்டதை வாங்குங்கள். 60 என்பது வெல்டின் பலம், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. 1 என்றால் படுக்கையாக, செங்குத்தாக, தலைக்கு மேலே, எப்படியும் போடலாம் என்று அர்த்தம். கடைசி எண் மேல்பூச்சைப் பற்றியது. இது சாதுவான ராடு. 2.5 மி.மீ. கன ராடுக்கு 75 ஆம்பியரில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றிப் பாருங்கள். 3.15 என்றால் 100க்கு மேல் வேண்டும். மழைக்காலத்தில் ராடு ஈரம் இழுத்துக்கொண்டால் ஓவனில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வையுங்கள்.

தீக்குச்சி உரசுவது போல உரசுங்கள், குத்தாதீர்கள். ஒட்டிக்கொண்டால் பதறாமல் ஹோல்டரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பிடுங்குங்கள். பற்றிய பிறகு ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் ராடின் கனம் அளவே இடைவெளி இருக்கட்டும். சரியாகப் போனால் அப்பளம் பொரிகிற சத்தம் வரும். என் ஃபோர்மேன் முதுகைத் திருப்பிக்கொண்டே "டேய், உன் அப்பளம் கருகுது" என்பார். வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் உருகிய இரும்பு தளதளவென்று ஒரு குட்டையாக ஓடும், அதைப் பாருங்கள்.

இன்னொன்று. எல்லோரும் முதல் நாளே 18 கேஜ் ஸ்கொயர் டியூப்பில் செடி ஸ்டாண்ட் செய்ய உட்காருகிறார்கள். அது 1.2 மி.மீ. தகடு. கை பழகாதவனுக்கு ஓட்டைதான் விழும். பழைய இரும்புக் கடையில் 6 மி.மீ. பட்டைத் துண்டுகளை எடை போட்டு வாங்கி, ஒரு மாதம் வெறும் கோடு போடுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடேறி வயர் உருகும்.

என் மகன் கேட்டுக்கு இரண்டு இடத்தில் வெல்டு வைத்தான். கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். நடுராத்திரி கண்ணைத் திறக்க முடியாமல் துடித்தான். பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள், உருளைக்கிழங்கு வைக்கச் சொல்கிறார்கள். எது நல்லது?
– மன்னார்குடி வாசகி

இரண்டும் வேண்டாம் அம்மா. கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெல்டிங் சுடரில் வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். கடற்கரை வெயிலில் தோல் உரிகிறதே, அது கண்ணில் நடந்தால் எப்படி? சுடுகிறபோது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டது போல ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் அந்தப் புண்ணில் பாலும் கிழங்கும் பட்டால் கிருமி சேரும். தேய்க்கக் கூடாது. மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கி விடவும் கூடாது.

கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி வேண்டும். நானும் பயிற்சியில் இருந்தபோது, "ஒரே ஒரு டேக் (பொட்டு வெல்டு) தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தவன். மூடினேன் என்றுதான் நினைத்தேன். விடுதியில் விடியும்வரை ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளையும் விரட்டிவிடுங்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சுடும்.

ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டு போடுமுன் பால் குடித்தால் புகையால் வரும் காய்ச்சல் வராதாமே?
– கரூர் வாசகர்

பால் வயிற்றுக்குப் போகும், துத்தநாகப் புகை நுரையீரலுக்குப் போகும். இரண்டும் எங்கே சந்திக்கும்? வெல்டு போடும் இடத்தில் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுங்கள். திறந்த வெளியில், காற்று புகையை முகத்துக்குக் கொண்டுவராத பக்கமாக உட்காருங்கள். முடிந்தால் அந்தப் பூச்சு இல்லாத கறுப்பு பைப்பே வாங்குங்கள்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்தேன். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் 'டிங்' என்று ஒரு சத்தம். பார்த்தால் கத்தியின் வாயில் விரிசல். என்ன தப்பு?
– தேனி வாசகர்

அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். மூன்று நாள் உழைப்பு போகிற சத்தம்.

பட்டை எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். அதற்குத் தண்ணீர் ரொம்ப வேகம். எண்ணெயில் தோய்ச்சல் போடுங்கள். கடலை எண்ணெய் போதும். அதை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டால் இன்னும் நன்றாக எடுக்கும். இரும்பு டப்பாவில் ஊற்றி, பக்கத்திலேயே மூடியையும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குப்பென்று பற்றும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகையை யார் குடிப்பது?

எவ்வளவு காய்ச்சுவது என்பதற்கு ஒரு காந்தம் போதும். 770 டிகிரி வாக்கில் இரும்பைக் காந்தம் பிடிக்காது. விட்டதும் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் இறக்குங்கள். இதை அந்தி சாய்ந்த பிறகு செய்யுங்கள். வெயிலில் சிவப்பு மட்டாகத் தெரியும், நீங்கள் மேலும் மேலும் காய்ச்சிக் கெடுத்துவிடுவீர்கள்.

ஆறிய கத்தியில் அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடியில் போல வழுக்க வேண்டும். வழுக்கினால் சந்தோஷப்படலாம், ஆனால் கீழே போட்டுவிடாதீர்கள், இரண்டாகிவிடும். அன்றைக்கே 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வரும். முறுக்கு தணிந்தது என்று அர்த்தம். நான் வீட்டு ஓவனில்தான் வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேக்கில் எண்ணெய் வாசம் வந்தது. இப்போது என்னிடம் தனி ஓவன் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தது என் மனைவி, கோபத்தில்.

ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஏற்கெனவே இருந்திருக்கவும் கூடும். பட்டை கட்டும் கடையில் புதுப் பட்டையின் வெட்டுத் துண்டு கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் கத்தி செய்வது சட்டப்படி குற்றமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த பொருள் ஆயுதக் கணக்கில் வராது. அதன் கீழ் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகைத் தனியாகக் குறிக்கின்றன. காய் நறுக்க 6 அங்குலம் தாராளம். பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதுதான் யோசிக்க வைக்கிறது.

தேக்குப் பலகையில் மணை செய்தேன். நான்கு மாதத்தில் நடுவில் வெடித்துவிட்டது. மரக்கடையில் ஏமாற்றிவிட்டார்களா?
– கோயம்புத்தூர் வாசகர்

கூட அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேல்பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு எட்டு ஸ்க்ரூ போட்டு அசையாமல் இறுக்கியிருக்கிறீர்கள். மரம் வெட்டின பிறகும் மூச்சுவிடும். ஐப்பசி ஈரத்தில் விரியும், சித்திரையில் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில். நீங்கள் விடவில்லை, அது வெடித்து வழி பண்ணிக்கொண்டது. சட்டத்தில் ஸ்க்ரூ ஓட்டையை நீளத் துளையாக்குங்கள், பலகை நகர இடம் கிடைக்கும்.

எங்கள் அப்பாவிடம் ஸ்க்ரூவே கிடையாது. கட்டையின் நுனியில் கழுந்து (நாக்கு போன்ற முனை) வெட்டித் துளையில் இறக்குவதுதான். உளியை முழங்கை முடியில் வைத்துப் பார்ப்பார், மயிர் சிரைத்தால்தான் மரத்தில் வைப்பார். கடையில் வாங்கும் புது உளி தீட்டாத உளி என்பது பலருக்குத் தெரியவில்லை. அதன் முதுகுப் பக்கத்தைக் கல்லில் சமமாக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் போகும்.

அடுத்த முறை இடித்த வீட்டுக் கதவு, நிலை விற்கும் கடைக்குப் போங்கள். அந்த மரம் ஆட வேண்டியதை எல்லாம் பெரும்பாலும் ஆடி முடித்திருக்கும். இழைப்புளி வைக்கும் முன் காந்தத்தால் தடவி ஆணி தேடுங்கள். கன அடிக் கணக்குக்கு ஒன்று நினைவில் வையுங்கள்: 4க்கு 3 அங்குலக் கட்டை 12 அடி நீளம் என்றால் சரியாக 1 கன அடி. கடைக்காரர் கால்குலேட்டரை எடுக்குமுன் நீங்கள் சொல்லிவிடலாம்.

மொட்டை மாடியில் வெல்டிங் வேண்டாம் என்கிறார் என் மனைவி. நீங்களாவது சொல்லக் கூடாதா?
– விருதுநகர் வாசகர்

மாடியில் துணிக்கொடி இருக்கிறதா? அப்படியானால் அவர் சொல்வதுதான் சரி. எங்கள் கொடியில் தொங்கிய பட்டு வேட்டியில் ஒருநாள் பதினோரு ஓட்டை விழுந்தது. இப்போது அந்த வேட்டியில்தான் உளிக்கு எண்ணெய் துடைக்கிறேன்.