கணினி கேள்வி-பதில்: தோட்டத்துக்கு ஒரு நியூஸ் சர்வர்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். டவுனில் நான் நடத்தும் டியூஷன் சென்டர் மாடியில் 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, டெபியன் லினக்ஸ் போட்டுவிட்டேன். அதில் யூஸ்நெட் (குழுக் குழுவாக மடல் எழுதிப் படிக்கும் பழைய இணைய வலை) நியூஸ் சர்வர் வைத்து, எங்களுக்கென்று சில குழுக்களும் வெளிக் குழுக்கள் கொஞ்சமும் நடத்த ஆசை. எதைப் போடுவது, எப்படி வேகமாக வைப்பது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி, அந்தக் கம்ப்யூட்டரே போதும். ஆனால் எழுத்து மட்டும் வரும் குழுக்களைத்தான் வாங்க வேண்டும். படமும் மென்பொருளும் துண்டு துண்டாக வரும் ஆல்ட்.பைனரீஸ் பக்கம் போகவே வேண்டாம், வீட்டு இணைப்பு தாங்காது.

ஐஎன்என் என்ற நியூஸ் சர்வர் மென்பொருளைப் போடுங்கள். ரிச் சால்ஸ் 1990களின் தொடக்கத்தில் எழுதியது, இன்னும் பராமரிப்பில் இருக்கிறது, டெபியனில் ஐஎன்என்2 என்ற பெயரில் கிடைக்கும். லீஃப்நோட் என்று இன்னொன்று உண்டு. யாராவது படிக்கிற குழுக்களை மட்டும் இழுத்து வைக்கும், இரண்டு மூன்று பேர் படிக்கும் வீட்டுக்கு அது அருமை. நீங்கள் சொந்தக் குழுக்களை நடத்தி மற்ற சர்வர்களோடு மடல் மாற்றிக்கொள்ளப் போகிறீர்கள், அதற்கு ஐஎன்என்தான்.

வேகம் எங்கே போகிறது என்றால், பெரும்பாலும் வட்டில்தான். ஒவ்வொரு மடலுக்கும் உலகத்தில் வேறு எதற்கும் இல்லாத ஒரு அடையாளக் குறியீடு உண்டு. பக்கத்து சர்வர் "இது உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்கும்போதெல்லாம் உங்கள் சர்வர் ஹிஸ்டரி கோப்பைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்லும். அந்தக் கோப்பையும், தலைப்புகளைத் தொகுத்து வைக்கும் ஓவர்வியூவையும் ஒரு சிறிய எஸ்எஸ்டியில் வையுங்கள், மடல்கள் பழைய வட்டிலேயே இருக்கட்டும். வட்டை மவுன்ட் செய்யும்போது (கணினியோடு இணைக்கும்போது) நோஏடைம் என்ற தெரிவைச் சேர்த்தால், யாரோ படித்ததற்காகவெல்லாம் வட்டில் எழுதும் வேலை மிச்சம்.

அப்புறம், மடல்களை எந்த முறையில் சேமிப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஐஎன்என்னில் பல முறைகள் உண்டு, உங்களுக்கு இரண்டு போதும். சிஎன்எஃப்எஸ் என்பது முன்கூட்டியே அளவு குறித்துச் செய்த பெரிய கோப்பு. நிறைந்ததும் தலையிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கி, பழையதை மேலெழுதிக்கொண்டே போகும். வட்டு ஒருநாளும் நிரம்பாது, அழிப்பதற்கென்று தனி வேலையும் இல்லை. டிராட்ஸ்பூல் என்பது ஒரு மடலுக்கு ஒரு கோப்பு, பழைய முறை, மெதுவானது, ஆனால் நீங்கள் சொல்லாமல் எதுவும் போகாது.

வெளிக் குழுக்களை சிஎன்எஃப்எஸ்ஸில் போடுங்கள், தோட்டத்துக் குழுக்களை டிராட்ஸ்பூலில் போடுங்கள். பழைய லயத்தைப் பற்றி, கோயில் திருவிழாவைப் பற்றி, பால்மரம் வெட்டிய அப்பா அம்மாவைப் பற்றி உங்கள் ஆட்கள் எழுதப்போவது வேறு எந்த சர்வரிலும் இருக்காது. அது சிஎன்எஃப்எஸ்ஸில் விழுந்தால் ஒருநாள் சத்தமில்லாமல் மேலெழுதப்பட்டுவிடும், தேடினாலும் கிடைக்காது.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எந்தக் குழுவை எந்த முறையில் சேமிப்பது என்று சொல்லும் ஸ்டோரேஜ்.கான்ஃப் கோப்பில் முதலில் பொருந்தும் பகுதிதான் செல்லும், அதனால் தோட்டத்துக் குழுக்களை மேலே எழுதி, "மற்ற எல்லாம்" என்பதைக் கீழே எழுத வேண்டும். மடல்களை எப்போது அழிப்பது என்று சொல்லும் எக்ஸ்பயர்.சிடிஎல் கோப்பிலோ கடைசியாகப் பொருந்தும் வரிதான் செல்லும், அங்கே தோட்டத்து வரி கீழே வரவேண்டும், நாள் கணக்குக்குப் பதில் "நெவர்" என்று எழுத வேண்டும். எழுதி முடித்ததும் இன்செக் ஓட்டிப் பாருங்கள், எழுத்துப் பிழைகளைப் பிடித்துக்கொடுக்கும். வரிசை மாறியிருப்பதை அது சொல்லாது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் சர்வரில் வட்டு பாதி காலி. ஆனாலும் "இடமில்லை" என்று சொல்லி மடல் வாங்குவதை நிறுத்திவிடுகிறது. வட்டு கெட்டுவிட்டதா?
- வாசகி, பாடாங் செராய்

பதில்: வட்டு நன்றாகத்தான் இருக்கும் அம்மா. டிஎஃப் கட்டளையோடு "-i" சேர்த்து அடித்துப் பாருங்கள், ஐநோட் (ஒரு கோப்பைப் பற்றிய குறிப்பை வைக்கும் இடம்) நூறு சதவீதம் தீர்ந்திருக்கும். எல்லாவற்றையும் டிராட்ஸ்பூலில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சின்ன மடலும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோட், இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை அந்த எண்ணிக்கையை வட்டை வடிவமைக்கும்போதே நிர்ணயித்துவிடும், பிறகு அதே அளவு வட்டில் கூட்ட முடியாது. மடல்களை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, "-T news" (பெரிய T) என்ற தெரிவோடு மறுபடி வடிவமையுங்கள், 4096 பைட்டுக்கு ஒரு ஐநோட் கிடைக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமை போட்டால் இந்தக் கவலையே இல்லை, அது தேவைக்கேற்ப உண்டாக்கிக்கொள்ளும். நான் எக்ஸ்எஃப்எஸ்தான் சொல்வேன்.

கேள்வி: சாயங்காலம் இடி மழை வந்தால் எங்கள் பக்கம் கரண்ட் போய்விடும். திரும்ப வந்தபின் சர்வர் பழைய மடல்களையே புதிதாக வாங்குகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், பீடோர்

பதில்: ஹிஸ்டரி அடிபட்டிருக்கிறது. எது ஏற்கெனவே வந்தது என்பது சர்வருக்கு மறந்துவிட்டது. சர்வரை நிறுத்திவிட்டு ஹிஸ்டரி கோப்பைத் திறந்து பாருங்கள். வரிகள் ஒழுங்காக இருந்தால் மேக்டிபிஸெட் ஓட்டி அட்டவணையை மட்டும் புதிதாகக் கட்டினால் போதும். வரிகளும் சிதைந்திருந்தால் மேக்ஹிஸ்டரி ஓட்ட வேண்டும், அது எல்லா மடல்களையும் படித்துக் கட்டும், நேரம் பிடிக்கும். நியூஸ் என்ற பயனராகவே ஓட்டுங்கள். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரின் பெயருக்குக் கோப்புகள் போய்விட்டால், சர்வரால் அவற்றில் எழுத முடியாது.

இனிமேலுக்கு ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, மின்கலம் குறையும்போது சர்வர் தானாக முறைப்படி அணையும்படி நட் என்ற இலவச மென்பொருளை அமைத்துக்கொள்ளுங்கள். கேபிள் இணைக்காத யுபிஎஸ் பாதிப் பாதுகாப்புதான், மின்கலம் தீர்ந்ததும் அதே கதை. குழுக்களின் பட்டியலும் மடல் எண்களும் இருக்கும் ஆக்டிவ் கோப்பையும், அமைப்புக் கோப்புகளையும் தினமும் வேறு ஒரு கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி: வெளிக் குழுக்களை யாரிடம் வாங்குவது? எங்கள் சொந்தக் குழு வெளியே கசியாமல் இருக்குமா?
- வாசகர், கோலா சிலாங்கூர்

பதில்: நியூஸ்.அட்மின்.பியரிங் என்ற குழுவில், உங்கள் சர்வரின் பெயரையும் எந்தக் குழுக்கள் வேண்டும் என்பதையும் எழுதிக் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் கொடுத்தால் போதும், ஒருவர் நின்றாலும் மற்றவரிடமிருந்து வரும். வீட்டு இணைப்பில் முகவரி மாறிக்கொண்டே இருந்தால் அவர்கள் அனுப்புவது வந்து சேராது. அப்போது ஐஎன்என்னோடு வரும் புல்நியூஸ் கொண்டு நீங்களே போய் எடுத்துவரலாம்.

கசிவு நியாயமான பயம். யாருக்கு எந்த மடல் போகும் என்று சொல்லும் நியூஸ்ஃபீட்ஸ் கோப்பில் உங்கள் குழுவின் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி போட்டால் மட்டும் போதாது. யாராவது ஒரே மடலை உங்கள் குழுவுக்கும் வெளிக் குழுவுக்கும் சேர்த்து அனுப்பினால், வெளிக் குழுவின் பெயரால் அது போய்விடும். ஆச்சரியக்குறிக்குப் பதில் @ குறி போடுங்கள், உங்கள் குழு சம்பந்தப்பட்ட எந்த மடலும் அந்த வழியாக வெளியே போகாது. ரீடர்ஸ்.கான்ஃப் கோப்பில் கடவுச்சொல் இல்லாமல் யாரும் எழுத முடியாதபடியும் செய்யுங்கள். திறந்து கிடக்கும் சர்வரை விளம்பரக்காரர்கள் சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள், அதற்கப்புறம் மடல் கொடுத்தவர்களே உங்கள் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.